கத்திக்குப் பயமில்லை டாக்டர், வாந்திக்குத்தான் பயம்

டர்பனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 43. திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா வந்து பதினாறு வருடம் ஆகிறது. பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி முறையில் (சின்னத் துளைகள் வழியாக) பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் புரட்டாசியில் நாள் குறித்திருக்கிறார்கள். சர்க்கரை இப்போதைக்கு எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஏழு வருடம் முன்பு சினைப்பைக் கட்டிக்காக முழு மயக்கத்தில் ஓர் ஆபரேஷன் நடந்தது. அதைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே கொடுக்கிறேன்:

"கண்ணைத் திறந்ததிலிருந்து மறுநாள் சாயங்காலம் வரை வாந்தி. வயிற்றில் ஒன்றுமில்லாமல் பச்சைத் தண்ணியாக வந்தது. ஓங்கரிக்கும்போதெல்லாம் தையல் பிய்ந்துவிடும் போலிருந்தது. வலியைப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை. சிஸ்டரிடம் கேட்டால் இது சகஜம் என்றார். இப்போது அதை நினைத்தாலே எச்சில் ஊறுகிறது. ஊரே கத்திக்குப் பயப்படும், நீ வாந்திக்குப் பயப்படுகிறாய் என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார்."

அப்புறம் கேள்விகள். சீட்டுப் பணம் மூவாயிரம் ராண்ட் தனியாக வைத்திருக்கிறேன், அதைக் கொடுத்தால் வாந்தி வராத உயர்ந்த மருந்து கிடைக்குமா? முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வாந்தி எடுக்க எதுவும் இருக்காது அல்லவா? மாமியார் காலையில் இஞ்சிச்சாறு குடிக்கச் சொல்கிறார், குடிக்கலாமா? மார்ஃபின் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வலியைத் தாங்கிக்கொள்ளட்டுமா? பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டபோது வாந்தியே இல்லையே, இதற்கும் அதையே கேட்கலாமா?

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "மருத்துவமனைப் படிவத்தில் 'முன்பு மயக்க மருந்தால் பிரச்சினை உண்டா' என்று கேட்டிருந்தார்கள். வாந்தியெல்லாம் பிரச்சினையா என்று 'இல்லை' போட்டுவிட்டேன்."

சகோதரி, மூவாயிரம் ராண்டை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 'இல்லை'யைத் திருத்த வேண்டும்.

உங்கள் பயம் அற்பமானதா?

இல்லை. உங்கள் கணவர் சிரிப்பதைப் போலத்தான் மயக்க மருத்துவர்களான நாங்களும் ரொம்ப காலம் சிரித்துக்கொண்டிருந்தோம். உயிர் பிழைத்தாயிற்று, ரத்தம் கசியவில்லை, மூச்சு ஒழுங்காக இருக்கிறது, கொஞ்சம் வாந்தி வந்தால் என்ன என்பது எங்கள் மனசு. 1991இல் மயக்கவியல் இதழ் ஒன்றின் தலையங்கம் இதற்கு வைத்த பெயர் 'பெரிய சின்னப் பிரச்சினை'. எங்களுக்குச் சின்னது, படுத்திருப்பவருக்குப் பெரியது.

1999இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆபரேஷனுக்கு வந்த 101 பேரிடம் ஒரு விளையாட்டுக் கணக்கு கொடுத்தார்கள். கையில் நூறு டாலர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் நேரக்கூடிய தொல்லைகளின் பட்டியல் இதோ. எதைத் தவிர்க்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பிரித்து வையுங்கள். வலிதான் முதலில் வரும் என்று நானும் நினைத்திருப்பேன். வந்தது வாந்தி, சுமார் 18 டாலருடன். வலிக்குக் கிடைத்தது ஏறக்குறைய 17. குமட்டலுக்குத் தனியாக இன்னொரு 12 போனது. இரண்டையும் கூட்டினால் வலி கிட்டேகூட வராது. 2001இல் வேறொரு குழு 80 பேரிடம், வாந்தியையும் குமட்டலையும் முழுக்கத் தடுக்கும் மருந்து ஒன்று இருந்தால் சொந்தப் பணத்தில் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டது. நடுத்தரப் பதில் 56 டாலர். அன்றைக்கு உண்மையாகவே வாந்தி எடுத்தவர்கள் சொன்னது 100.

ஆகவே நீங்கள் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தது அசட்டுத்தனம் அல்ல. பட்டவர்கள் போடும் கணக்கு அதுதான்.

எனக்கும் ஒரு தடவை பட்டது. இருபது வருடமாக மற்றவர்களை மயக்கிக்கொண்டிருந்த நான், குடலிறக்க ஆபரேஷனுக்காக மேஜையில் படுத்தேன். வாந்திகூட வரவில்லை, வெறும் குமட்டல்தான், ஆறு மணி நேரம். வார்டு நடையில் சாப்பாட்டு வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு 'சகஜம்' என்ற சொல்லை நோயாளிகளிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஏன் உங்களுக்கு இவ்வளவு?

போன தடவை மருந்து அதிகம் கொடுத்துவிட்டார்கள், டாக்டர் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. யாருக்கு வாந்தி வரும் என்பதில் டாக்டரைவிட நோயாளியின் உடல்வாகுக்குத்தான் பங்கு அதிகம். நாங்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு, நான்கே கேள்விகள். பெண்ணா? புகை பிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வந்ததா, அல்லது பயணத்தில் வாந்தி வருமா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுமா? நான்குக்கும் 'இல்லை' என்றால் நூறு பேரில் பத்துப் பேருக்குத்தான் வரும். ஒரு 'ஆம்' என்றால் இருபது, இரண்டு என்றால் நாற்பது, மூன்று என்றால் அறுபது, நான்கும் 'ஆம்' என்றால் எண்பது. (புகை பிடிப்பவர்களுக்கு வாந்தி குறைவு என்பது உண்மை. அதற்காக யாரும் பற்றவைக்க வேண்டாம்.)

நீங்கள் பெண், புகை பிடிக்காதவர், முன் அனுபவம் உள்ளவர். ஜோஹன்னஸ்பர்க் போகும்போது வேன் ரீனன் மலைப்பாதையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவேன் என்று வேறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் இதே கணக்கில்தான் சேரும். மார்ஃபினையும் சேர்த்தால் நாலுக்கு நாலு. போதாக்குறைக்கு ஐம்பது வயதுக்குள், பித்தப்பை ஆபரேஷன், முழு மயக்கம். மூன்றுமே வாந்தியைக் கூட்டுபவை.

இந்த எண்பதை உங்கள் மயக்க மருத்துவர் தெரிந்துகொள்ள முதல் வழி அந்தப் படிவம். அதில் நீங்கள் 'இல்லை' போட்டுவிட்டீர்கள். படிவத்தைப் பார்ப்பவருக்கு நீங்கள் எண்பது அல்ல, அறுபது. அறுபதுக்கே ஜாக்கிரதையாக இருப்பார், சரி, ஆனால் முழுக் கதை தெரிந்தால் அவருடைய திட்டமே வேறாக இருக்கும்.

அந்தத் திட்டம்தான் என்ன?

ஒரே ஒரு அற்புத மருந்து கிடையாது. மூளையில் வாந்தியைத் தூண்டும் கதவுகள் பல. ஒவ்வொரு மருந்தும் ஒரு கதவைத்தான் சாத்தும். அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு மூன்று நான்கு வழிகளைச் சேர்த்துக் கையாள வேண்டும் என்பதுதான் இன்று உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை.

மயக்கம் கொடுத்த உடனே டெக்ஸாமெத்தசோன் ஓர் ஊசி. ஆபரேஷன் முடியும் தறுவாயில் ஆன்டன்செட்ரான் ஓர் ஊசி. மயக்கத்தை வாயுவால் தொடராமல், புரோபோஃபால் என்ற பால்போன்ற மருந்தைக் கடைசி வரை நரம்பு வழியாகவே செலுத்துவது மூன்றாவது வழி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வில், டெக்ஸாமெத்தசோனும் ஆன்டன்செட்ரானும் தனித்தனியாக ஆபத்தை ஏறத்தாழ 26 சதவீதம் குறைத்தன, புரோபோஃபால் 19 சதவீதம். உங்கள் எண்பதிலிருந்து, ஒவ்வொரு தடவையும் மிச்சத்தில் அந்தச் சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள்: முதல் மருந்தில் 59, இரண்டாவதில் 44, புரோபோஃபாலும் சேர்ந்தால் 36க்குப் பக்கம். மார்ஃபினையும் குறைத்தால் இன்னும் இறங்கும்.

பூஜ்யம் ஆகாது. அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் நூற்றுக்கு எண்பது வேறு, முப்பத்தாறு வேறு. அதையும் மீறி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் திட்டத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் கொடுத்த அதே மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் திரும்பக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. சைக்ளிசின் போல வேறு வகை மருந்து ஒன்று வார்டுச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குச் சிஸ்டர் டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

உங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டெக்ஸாமெத்தசோன் ஒருநாள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும். எல்லைக்கோட்டில் இருப்பவர் என்பதால் அதைச் சொல்லிவையுங்கள், அளந்து பார்த்துக்கொள்வார்கள். அதற்காக மருந்தை மறுக்க வேண்டியதில்லை. ஆன்டன்செட்ரானால் தலைவலியும் மலச்சிக்கலும் வரலாம். இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலோ மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டாலோ அதையும் மறைக்காதீர்கள்.

மூவாயிரம் ராண்ட்

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். தென்னாப்பிரிக்கத் தனியார் மருத்துவத்தில் சர்ஜன் ஒரு பில், மருத்துவமனை ஒரு பில், மயக்க மருத்துவர் தனியாக ஒரு பில். உங்கள் கையிலுள்ள கோட்டேஷனில் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கொடுப்பதற்கு மேல் நிற்கும் தொகை மயக்க மருத்துவரின் கட்டணம். அது அவருடைய நேரத்துக்கும் திறமைக்கும். வாந்தி மருந்தின் விலை அதில் இல்லை, அது மருத்துவமனை பில்லில் வரும். அதிகக் கட்டணம் வாங்குபவரிடம் போனால் அதிக வாந்தி மருந்து கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் மேலே சொன்ன இரண்டு ஊசிகளும் பழைய மருந்துகள், பல கம்பெனிகள் தயாரிப்பவை. மூவாயிரத்தில் சின்ன மூலைகூட ஆகாது. விலை கூடியது அப்ரெப்பிட்டன்ட் என்ற மாத்திரை. ஆபரேஷனுக்கு முன் ஒன்று போட்டால் ஒரு நாளுக்கு மேல் நிற்கும், வாந்தியைத் தடுப்பதில் கெட்டிக்காரன். உங்களைப் போல நாலுக்கு நாலு வாங்கியவர்களுக்குக் கேட்டுப் பார்க்கலாம். மெடிக்கல் எய்ட் கொடுக்குமா என்று முன்னாலேயே போன் போட்டு விசாரியுங்கள். கொடுக்காவிட்டால் சீட்டுப் பணத்துக்கு வேலை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அப்ரெப்பிட்டன்ட் அதன் பலத்தை ஒரு மாதம் வரை குறைத்துவிடும். அந்த மாதம் வேறு ஏற்பாடு வேண்டும். இதைச் சொல்ல மறந்துபோகும் டாக்டர்கள் உண்டு.

செலவைப் பற்றி எப்படிக் கேட்பது, கோபித்துக்கொள்வாரே என்று தயங்குகிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. இந்த நாட்டின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, சிகிச்சை வழிகள் என்னென்ன, ஒவ்வொன்றின் நன்மை, ஆபத்து, செலவு என்ன என்பதை மருத்துவர் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. முடிந்தவரை நோயாளிக்குப் புரிகிற மொழியில். அரசு மருத்துவமனைக்கும் தனியாருக்கும் இது பொது.

வெறும் வயிறு, இஞ்சி, மார்ஃபின், முதுகு ஊசி

முந்தின நாளே பட்டினி கிடப்பது தப்புக் கணக்கு. வயிறு நிறைந்திருப்பதால் வரும் வாந்தி இல்லை இது. மருந்துகள் மூளையைத் தூண்டுவதால் வருவது. காலி வயிற்றில் பச்சைத் தண்ணியாக வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடம்பில் நீர் வற்றினால் குமட்டல் கூடத்தான் செய்யும். பொதுவான விதி, திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, தண்ணீர் போன்ற தெளிந்த பானம் இரண்டு மணி நேரம் முன்பு வரை. பால் விடாத ரூய்போஸ் தேநீர் (தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்) தெளிந்த பானம்தான், பால் விட்டால் இல்லை. உங்கள் மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதன்படி நடங்கள். புரட்டாசி விரதத்தில் சைவச் சாப்பாடு மட்டும்தான் என்பதில் ஒரு தடையும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ஒருவேளை உபவாசம் என்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள், சாமி கோபிக்காது.

இஞ்சிக்குக் குமட்டலைக் கொஞ்சம் தணிக்கும் குணம் உண்டு, மாமியார் சொல்வது முழுக்கத் தப்பில்லை. ஆனால் ஆபரேஷன் காலையில் இஞ்சிச்சாறு வேண்டாம். சக்கை கலந்த சாறு தெளிந்த பானம் ஆகாது. நிறைய எடுத்தால் ரத்தம் உறைவதையும் பாதிக்கலாம். வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து மிளகுத்தண்ணீரில் தட்டிப் போடச் சொல்லுங்கள், மாமியாருக்கும் திருப்தி.

மார்ஃபினை முற்றாக மறுத்து எழுதிக் கொடுக்காதீர்கள். வலியும் வாந்தியைத் தூண்டும். வலியோடு படுத்திருந்தால் ஆழமாக மூச்சு விட மாட்டீர்கள், எழுந்து நடக்க மாட்டீர்கள், அது வேறு வம்பு. கேட்க வேண்டியது 'மார்ஃபினைக் குறையுங்கள்' என்று. பாராசிட்டமாலும், உங்களுக்கு ஒத்துக்கொண்டால் புரூஃபன் வகை மருந்தும், துளை போட்ட இடத்தில் மரப்பு ஊசியும் முறைப்படி கொடுத்தால் பாதி வலி அதிலேயே அடங்கும். மிச்சத்துக்கு மட்டும் மார்ஃபின்.

முதுகு ஊசி இந்த ஆபரேஷனுக்கு வழக்கமில்லை. வயிற்றை வாயுவால் ஊதுவார்கள். விழித்திருந்தால் மூச்சு முட்டும், தோள்பட்டை வலிக்கும்.

கைப்பட்டையும் ஸ்பிரிட் பஞ்சும்

பணம் பெரிதாக ஆகாத இரண்டு வித்தை. மணிக்கட்டின் உட்பக்கம், மடிப்பு ரேகையிலிருந்து மேலே மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகள் ஓடுகின்றனவே, அவற்றுக்கு நடுவே அழுத்தினால் குமட்டல் குறையும். சீன வைத்தியத்தில் வந்த புள்ளி. நானும் ஆரம்பத்தில் நம்பவில்லை, ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வாந்தி மருந்துக்குச் சமமான பலன் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் குமிழ் அழுத்தும்படி பயணிகளுக்கான கைப்பட்டை ஃபார்மசியில் கிடைக்கும். வேன் ரீனன் ஏறும்போதும் உதவும். தியேட்டருக்குள் போகுமுன் கட்டிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், ஊசிக்குழாய் போடும் கையில் மட்டும் இடைஞ்சலாக இருக்கலாம்.

இன்னொன்று, ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சு. குமட்டும்போது அதை மூக்குக்குக் கொஞ்சம் கீழே பிடித்து மூன்று தடவை ஆழமாக மூச்சு இழுத்தால் பலருக்குச் சில நிமிடங்களில் தணிகிறது. சிஸ்டரிடம் கேட்டால் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

என்ன சொல்ல வேண்டும், யாரிடம்?

சர்ஜனிடம் சொன்னால் போதாது. மயக்க மருத்துவரிடம் நேரே சொல்லுங்கள். பல நேரம் அவர் உங்களைப் பார்ப்பது ஆபரேஷன் காலையில், பச்சை உடுப்பில், அவசரமாக. அதனால் இந்த வாரமே அவருடைய அலுவலகத்துக்குப் போன் போடுங்கள், எண் கோட்டேஷனிலேயே இருக்கும். குமட்டலுக்கான 'நாசியா' என்ற ஆங்கிலச் சொல் வாயில் வரவில்லை என்று கூச்சப்பட்டிருக்கிறீர்கள். சொல்லவே வேண்டாம். "லாஸ்ட் டைம் ஐ வாமிட்டட் ஃபார் எ டே அண்ட் எ ஹாஃப். ஐ ஆல்ஸோ கெட் கார் சிக்." இவ்வளவு போதும், கேட்டவுடன் எந்த மயக்க மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம், வாயுவுக்குப் பதில் புரோபோஃபாலிலேயே ஓட்ட முடியுமா என்றும், வார்டில் வாந்தி வந்தால் எந்த மருந்து எழுதியிருக்கும் என்றும் கேளுங்கள். படிவத்திலுள்ள 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று போடுங்கள். ஏழு வருடம் முன்பு ஆபரேஷன் நடந்த இடத்தில் மயக்கக் குறிப்பின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது. அன்று என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்தால் இந்தத் தடவை அதை மாற்றலாம்.

தையல் பிய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இந்த ஆபரேஷனில் துளைகள் ஒரு சென்டிமீட்டரும் அதற்குக் குறைவும்தான். ஓங்கரிப்பால் வலிக்கும், பிரியாது. ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகும் ஒன்றிரண்டு நாள் குமட்டலாம். வாயில் கரையும் ஆன்டன்செட்ரான் மாத்திரை சிலவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆனால் வாந்தியோடு வயிற்றுவலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தாலோ, வயிறு உப்பினாலோ, ஒரு நாள் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, அதை மயக்க மருந்தின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். பித்தக் கசிவு போல ஏதாவது இருக்கலாம். மருந்துக் கடைக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

சிரித்த கணவருக்கும் ஒரு வேலை உண்டு. டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் முன் இருக்கையில், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்காருவீர்கள். அவர் வளைவுகளில் மெதுவாக ஓட்டட்டும். காருக்குள் தொங்கும் அந்த வாசனை அட்டையை முதல்நாளே கழற்றிவிடச் சொல்லுங்கள்.